இரண்டு விரற்கடை

டெய்ரி சர்க்கிள் மேம்பாலத்தில் ஏறும்போதுதான் எரியும்.
மஞ்சள் விளக்கு.
ஒரு கார், அதன் பின்னே நெளியும் இரண்டு பாம்பு.
வழுக்குகிறாய் என்கிறது.
மார்ச் மாத வெயில், உலர்ந்த தார்,
முப்பத்தெட்டு கிலோமீட்டர் வேகம்.
எங்கே வழுக்குகிறேன், சொல்லேன்.

அதே இடத்தில்
இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகுமுன்
ஒரு தயக்கம்,
பிறகு பின்சீட்டிலிருந்து யாரோ
முழங்காலால் இடித்ததுபோல் ஓர் உந்து.
பதினாறு வயது வண்டி.
மூன்றாம் கை நான்.

வில்சன் கார்டன் ஒன்பதாவது குறுக்குத் தெருவில்
நஞ்சுண்டா ஸ்கேனரைச் சொருகினார். ஐந்நூறு ரூபாய்.
"சென்சார் மேடம்."
மாற்றினோம். நாலாயிரத்து அறுநூறு.
விளக்கு ஐந்து நாள் விரதம் இருந்தது.
ஆறாம் நாள் டெய்ரி சர்க்கிளில் பாரணை.

எலி ஒயரைக் கடித்திருக்கும் என்றார்.
பேட்டரி என்றார் அவர் மச்சான்.
ஜே.சி. ரோட்டில் ஒருவர் வண்டியைப் பார்க்காமலே
கியர்பாக்ஸ் போச்சு, வித்துடுங்க என்றார்.
வாங்கிக்கொள்ள ஆளும் வைத்திருந்தார்.

எனக்குத் தொழில் கால்கள்.
வீடு வீடாய்ப் போய் மடக்கச் சொல்வேன், நீட்டச் சொல்வேன்,
சுவரைப் பிடிக்காமல் பத்தடி நடக்கச் சொல்லிப்
பின்னால் நின்று பார்ப்பேன்.

காக்ஸ் டவுனில் கிரேஸ் செல்லையா.
இடுப்பு மூட்டு மாற்றி ஏழு வாரம்,
இடது கால் ஒரு சென்டிமீட்டர் குட்டை.
"நான் எங்க நொண்டறேன்?
இந்த வீட்டுத் தரைதான் சாய்ஞ்சிருக்கு" என்பார்.
வலிப்பதோ வலது முதுகு.
செருப்புக்குள் ஒரு தக்கைத் துண்டு வைத்தேன்.
தரை நிமிர்ந்தது.

லிஃப்டில் இறங்கும்போது
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
டெலிவரிப் பையன் இன்னும் கொஞ்சம்
மூலைக்கு ஒதுங்கினான்.

அன்று இரவு பேஸ்மென்ட்.
டயர் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் கோடு,
தரையில் ஒரு கோடு,
நியூட்ரல்.
வாட்ச்மேன் திப்பேசாமி தள்ள
குனிந்தபடியே கூட நடந்தேன்.
நாலு சக்கரத்துக்கு நாலு தரம் தள்ளினார், ஏன் என்று கேட்காமல்.
மூன்று கோடுகள் ஒரே தூரத்தில் சுற்றை முடித்தன.
பின் இடது மட்டும்
இரண்டு விரற்கடை முன்னமே தரைக்கு வந்துவிட்டது.

நெலமங்கலா. போன ஐப்பசி. பஞ்சர்.
"அதே சைஸ்தான் மேடம், கம்பெனிதான் வேற."
எண்ணூறு ரூபாய் மிச்சம்.
வாங்கியது நான். மறந்ததும் நான்.
டயரின் விலாவில் எண் இருந்தது.
ஊரார் எக்ஸ்ரேயெல்லாம் ஜன்னலுக்குத் தூக்கிப் பிடித்துப் படிப்பவள்
இதற்கு ஒருதரம் குனியவில்லை.

ஐந்து மாதமாய் அந்தச் சின்னச் சக்கரம்
மற்ற மூன்றோடு சேர்ந்து போவதற்காகக்
கூடுதலாய்ச் சுற்றியிருக்கிறது.
வண்டி அதை
வழுக்கல் என்று எழுதிக்கொண்டது.

டயர் மாறியது. விளக்கு அணைந்தது.
கியரின் அந்த இடி மட்டும் போகவில்லை.
ஆயில் டிகாக்ஷன் நிறம்.
நஞ்சுண்டா குச்சியை முகர்ந்துவிட்டு,
"இப்ப மாத்தினா ஓடறதும் நிக்கும், விடுங்க."
விட்டேன்.
முப்பத்தெட்டில் பாதத்தை அரை மூச்சு தூக்கினால்
மூன்றாவது கியர் சத்தமில்லாமல் வந்து உட்காரும்.
வண்டியை யாருக்காவது கொடுக்கும்போது இதைச் சொல்லவேண்டும்.
கொடுப்பதாய் இல்லை.

மே. முதல் மழை.
குல்மொஹர் பூக்கள் கூழாகிக் கிடந்த ரிச்மண்ட் டவுன் மேட்டில்
பச்சை விழுந்ததும் அவசரமாய் மிதித்தேன்.
முன்சக்கரம் நின்ற இடத்தில் சுழன்றது.
இரண்டு பாம்பும் மூன்று முறை மினுக்கி மறைந்தன.

ஆமாம், வழுக்கினேன் என்றேன் உரக்க.

பின்னால் பஸ் ஹாரன்.
அந்தச் சந்தோஷத்தில்
முப்பத்தெட்டு வந்ததையே பார்க்கவில்லை.
இடித்தது.