ஒரு முழம் தள்ளி

கட்டிலை வெளியே போடு, எலுதேரியா.
மெத்தையை வெயிலில் விரி.
மாவு மூட்டை, மாதே குடுவை,
கம்பியில் தொங்கும் ஆட்டுக் கண்டம்,
எல்லாம் அல்கரோபா மரத்தடிக்குப் போகட்டும்.
பூனையைப் பிடித்துக் கட்டு. நாய் தாங்கிவிடும்,
பூனைக்கு ஆகாது இந்த மருந்து.
தேனீப் பெட்டி இருக்கும் பக்கம் நான் வரவே மாட்டேன்.

வடக்குக் காற்று எழுவதற்குள்
ஆட்டுப் பட்டியை முடிக்க வேண்டும்.
கோழிக்கூட்டையும்.
வீட்டுக்கு மட்டும் அடித்துவிட்டுப் போனால்
பட்டியிலிருந்து நடந்தே வந்துவிடும் வின்சூக்கா.
அதற்கு அவசரமில்லை.

ஒரு பொட்டலம், எட்டு லிட்டர் தண்ணீர்.
இன்னொரு பொட்டலம் சேர்த்துப் போடேன் என்கிறாய்.
எந்தப் பூச்சியும் இரண்டு தடவை சாவதில்லை, அம்மா.
மிச்சம் உன் பிள்ளைகளின் நுரையீரலுக்குத்தான் போகும்.

முகமூடிக்குள் என் மூச்சு
எனக்கே அந்நியமாகக் கேட்கிறது.
குழாய் முனை சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி.
கீழிருந்து மேலே ஒரு பட்டை,
மேலிருந்து கீழே அடுத்தது,
விளிம்பின் மேல் விளிம்பு ஏற.
வழிந்தால் அதிகம். வெளுத்தால் குறைவு.
பத்தொன்பது வருஷமாக இந்தச் சாக்கோவில்
மண்சுவர்களோடு நான் பேசும் பாஷை இவ்வளவுதான்.

ஈரம் போன பிறகுதான்
மருந்துக்கு வேலை ஆரம்பம்.
சுவரில் உட்கார்ந்து காத்திருக்கும்,
மாதக்கணக்கில்,
கால் வைக்கிறவனுக்காக.

போன தடவை மகளுக்குப் பதினைந்து நிறையும் விழா என்று
மூன்றாம் வாரமே சுண்ணாம்பு அடித்தாய்.
அழகாகத்தான் இருந்தது. நானும் ஆடினேன்.
சுண்ணாம்புக்கு அடியில் மருந்து புதைந்துபோனது.
இந்த வருஷம் யாருக்கும் கல்யாணம் வைக்காதே,
கோடை முடியும் வரைக்கும்.

சிரிக்கிறாய். சரி.

கட்டிலுக்கு மேலே அந்தப் படம்.
ஃபோர்த்துனாத்தோ, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில்.
போன தடவை அதைத் தொடாதே என்றாய்,
சுற்றி அடித்துவிட்டுப் போனேன்.
என் பிழை அது. படிவத்தில் எழுதவில்லை.

பெரிய மனசுக்காரன் என்று ஊர் சொன்னது.
எக்ஸ்ரேயும் அதையேதான் சொன்னது,
நெஞ்சுக்கூடு நிறைய இதயம்.
எப்போதோ சின்ன வயதில், தூக்கத்தில்
கூரைப் புல்லிலிருந்து ஏதோ உதிர்ந்திருக்கும்.
கடித்தது தெரிந்திருக்காது.
அது விட்டுப்போன எச்சத்தைச் சொறிந்து சொறிந்து
தானே உள்ளே அனுப்பியிருப்பான்.
அப்புறம் முப்பது வருஷம் ஒன்றுமே ஆகவில்லை.
அப்புறம் கிணற்றடியில் வாளியோடு உட்கார்ந்தவன்
எழவில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
டார்ச் வெளிச்சத்தைச் சட்டத்தின் விளிம்பில் நிறுத்தினேன்.
சுவரில் கறுப்புக் கறுப்பாய் வழிசல்,
மசி கொட்டிய மாதிரி.

அவளே கழற்றினாள்.

பின்பக்க அட்டையில் ஐந்து குஞ்சுகள்,
சிறகு முளைக்காதவை,
அவன் நெஞ்சு இருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே.
இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டு
தேதி எழுதினேன்.
அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்,
ஐந்து என்று தெரிந்த பிறகும்.

படத்தைத் துணியால் துடைத்துக்
கட்டிலின் மேல் சாய்த்து வைத்தாள், முற்றத்தில்.
வெயிலில் ஃபோர்த்துனாத்தோ கண்ணைச் சுருக்குகிறான்.
பூனை கயிற்றை இழுத்துக்கொண்டு போய்
அவன் பக்கத்தில் படுத்தது.

சுவரில் நிறம் மாறாத சதுரம் ஒன்று.
ஒரு முழம் தள்ளி நின்றேன்.

எத்தனை மணி நேரம், என்றாள்.
காயும் வரைக்கும். இரண்டு மணி நேரம் உள்ளே போகாதே.
தரையில் சொட்டியதைத் துடைத்துவிட்டுப்
பிள்ளைகளை விடு. சுவரைத் துடைக்காதே.

டப்பாவை மூன்று முறை அலசினேன்,
அலசிய தண்ணீர் கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், குழிக்குள்.
கையுறையைக் கழற்றுமுன் கழுவினேன்,
கழற்றிய பிறகு கையையும்.

வண்டியில் ஏறும்போது கூப்பிட்டாள்.
ஆணி?

ஆணியைப் பிடுங்கவில்லை, எலுதேரியா.
அதன் ஓட்டைக்குள்ளும்
அடித்திருக்கிறேன்.