தலைகீழாய் எத்தனை நொடி

ஆகஸ்ட் நான்கு. இல்வாகோ துறைமுகம்.
நண்டு டப்பா அடைக்கும் ஆலையின் சாப்பாட்டறை.
கடலோரக் காவல் படைக்குப் பிறந்தநாள்.
இருநூற்றுச் சொச்சம் வயதுக்கு
மெழுகுவத்தி குத்தி மாளாது என்று
ஒன்றே ஒன்று கொண்டுவந்திருந்தான் நியமேலா.
அதுவும் போன வருஷம் பாதி எரிந்தது.

பெட்டியைத் திறந்தால் கேக்கின் மேல்
நீலச் சர்க்கரையில் 'கடற்படைக்கு வாழ்த்துகள்'.
பேக்கரிப் பெண்ணுக்கு
தண்ணீரில் மிதப்பதெல்லாம் ஒன்றுதான்.
சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது எங்களுக்கு.
ஆஸ்குட் மீன் கத்தியை எடுத்து
பாகப் பத்திரத்தில் பங்காளி பெயரைச் சுரண்டுவதுபோல்
எழுத்தெழுத்தாய்ச் சுரண்டினான்.
இரண்டு வருஷமாய் நடுங்குகிறது அவன் கை.
நியமேலா, பேச்சை நிறுத்தாமலே,
அந்த முழங்கைக்கு அடியில்
தன் உள்ளங்கையைக் கொடுத்தான்.
யாரும் பார்க்கவில்லை.
பார்த்தோம்.

எண்பத்து மூன்று, ஜனவரி.
கொலம்பியா ஆறு கடலோடு மல்லுக்கு நிற்கும் முகத்துவாரம்.
இன்ஜின் செத்த நண்டுப் படகொன்று
மணல்திட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
நாங்கள் நாலு பேர். ஒரே பெண் நான்,
இன்ஜினுக்குப் பொறுப்பு.
என் பெல்ட்டின் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று
என்னைக் கேட்காமலே
இழுத்துப் பார்த்தது தார்ப்பின் கை.
பிறகு அந்த அலை.
அலை என்பது ஒரு பேச்சுக்கு.
இருட்டு எழுந்து நின்றது, அவ்வளவுதான்.

கவிழ்ந்தால் தானே நிமிரும் படகு அது.
நிமிரும் என்று கையேட்டில் போட்டிருந்தது.
கையேடு எழுதியவன் எங்களோடு இல்லை.
காதுக்குள் ஐஸ்,
கால் இருந்த இடத்தில் தலை,
எங்கேயோ என் இன்ஜின்
இன்னும் ஓடுகிற அதிர்வு மட்டும்
பல்லில்.

எத்தனை நொடி?
நாற்பது வருஷமாய் இதுதான் எங்கள் வருடாந்தரச் சண்டை.
எட்டு என்பான் நியமேலா, ஆடிட்டர் மாதிரி.
பன்னிரண்டு, நான்.
ஆஸ்குட்டின் கணக்கு பீரைப் பொறுத்தது.
தார்ப் மட்டும் நாற்பது என்பான்.
அந்தத் தண்ணீரில் நாற்பது நொடியென்றால்
நீ பேய்தான் என்போம்.
இருக்கலாம் என்பான், கேக்கை மென்றபடி.

நண்டுப் படகில் இரண்டு பேர் இருந்தார்கள்.
ஒருவனைக் கொண்டுவந்தோம்.
அதைப் பற்றிச் சண்டை போடுவதில்லை.

மார்ச்சில் தார்ப் போய்விட்டான்.
அவன் முதல் பெயர் லீலண்ட் என்று
அடக்கத்தன்று தந்த அட்டையில்தான் படித்தேன்.
அதுவரை தார்ப். அவனுக்கு நான் கிரோஸ்.
உயிரை ஒப்படைக்க
பாதிப் பெயர் போதுமாயிருந்திருக்கிறது.

இந்த வருஷம் யாரும் அந்தக் கேள்வியை எடுக்கவில்லை.
காகிதத் தட்டுகள் சுற்றி வந்தன.
நிலையத்திலிருந்து வந்த பிள்ளைகள் ஐந்து பேர்
சுவரோரம் மரியாதையாய்ச் சாப்பிட்டார்கள்.
சீருடையில் கடை மடிப்புக் கலையாத ஒருவன்
கேட்டேவிட்டான்:
"கவிழ்ந்தீர்களாமே, எவ்வளவு நேரம்?"

காபி இயந்திரம் கொதித்து அடங்கியது.
"நாற்பது நொடி" என்றான் நியமேலா.
"நாற்பது" என்றேன்.
ஆஸ்குட் கத்தியைத் துடைத்துக்கொண்டே,
"நாற்பத்தொன்று. நான் உயரம்,
தலை வெளியே வர நேரமாகும்."

பிள்ளைகளின் இடுப்பில் ஏதோ அலறியது.
தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு
வாயில் கேக்கோடு ஓடினார்கள்.
கதவு இரண்டு தரம் அடித்துக்கொண்டது.

பார்த்தால், நாங்களும் எழுந்து நிற்கிறோம்.
மூன்று பேரும்.
நியமேலாவின் இரும்பு மூட்டு உட்பட.
ஒரு நாற்காலி பின்னால் மல்லாந்து கிடக்கிறது.
போக எங்களுக்குப் படகு இல்லை.
வண்டிச் சத்தம் தேயும்வரை
உட்காரவும் தோன்றவில்லை.

என் கை ஆஸ்குட்டின் பெல்ட்டைப் பிடித்திருந்தது.
எப்போது பிடித்தேனோ.
ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.
இறுக்கமாய்த்தான் இருந்தது.