எட்டு மணிச் சீட்டு

தர மேம்பாடு என்று பலகையில் எழுதிவிட்டு
ஒரு கணம் நானே அதைப் பார்த்து நின்றேன்.
எதிரே முதுநிலை மாணவர் நால்வர்.
மூன்று மில்லிமீட்டர் கல்லையும் தப்பவிடாத கண்கள்.
"இன்றைக்குப் படம் வேண்டாம்.
வெளியே போய் ஆட்களைப் பாருங்கள்" என்றேன்.

வேலூர், மே மாதம்.
ஸ்கேன் அறைக்கு வெளியே மின்விசிறி
வெயிலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.
கோடு போட்ட நோட்டோடு ஃபர்ஹீன் அங்கே உட்கார்ந்தாள்.

கருவி பழசு, ஆள் போதாது என்று எழுதி வருவார்கள்,
நிர்வாகத்துக்கு அனுப்பிவிடலாம் என்றிருந்தேன்.

நோட்டில் இருந்தது இது:
குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த மரகதவல்லி
ஏழரைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தார்.
எட்டேமுக்காலுக்கு அடக்கமாட்டாமல் ஓடினார்.
மறுபடி குடித்தார். மறுபடி ஓடினார்.
பதினொன்றுக்குப் பெயர் கூப்பிட்டபோது பை காலி.
"தண்ணி குடிச்சிட்டு வாங்கம்மா"
என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.
அதற்கு நேரே, வேறு மையில்,
'என் குரல்' என்று எழுதியிருந்தான் தேவசகாயம்.

நாற்பத்து மூன்று பேர்.
அதில் பத்தொன்பது பேர் இரண்டு முறை குடித்தவர்கள்.
பாலாறு வறண்டதைப் பேசிப் பேசியே சலித்த ஊர் இது.
நாங்களோ
ஊற்றி ஊற்றி வடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மீன்முள் வரைந்தோம். ஆள் ஒரு முள், கருவி ஒரு முள்,
கழிப்பறைக்கு அறுபத்திரண்டு அடி, அது ஒரு முள்.
கடைசியில் ஃபர்ஹீன் கோட் பையிலிருந்து
ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.
நகலின் நகலின் நகல்.
'காலை எட்டு மணிக்கு, சிறுநீர் கழிக்காமல் வரவும்.'
எல்லோருக்கும் எட்டு.
எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
துறையில் இடக்கைக்காரி நான் ஒருத்திதான்.

ஜூனில் சீட்டு மூன்று நிறமானது:
எட்டு, ஒன்பதரை, பதினொன்று.
பத்தொன்பது ஏழானது. அப்புறம் ஐந்து.
நால்வரும் கேன்டீனில் போண்டா வாங்கிக் கொண்டாடினார்கள்,
என் கணக்கில்.

ஆடிக் கிருத்திகை வந்தது.
பஸ்ஸெல்லாம் இரத்தினகிரிப் பக்கம் திரும்பிவிட,
ஒன்பதரைக்காரர்களும் பதினொன்றுக்காரர்களும் ஒன்றாய் இறங்கினார்கள்.
பதினான்கு.

"தோத்துட்டோமா மேடம்?"

புள்ளியை வை என்றேன். வைத்தாள்,
வரைபடத்தில் ஒரே எகிறலாய்.
சிறிது நேரம் அதையே முறைத்தாள்,
பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்,
பஸ் நேரம் கேட்க.