இரவல் புத்தகம்

ரெகுலா தந்த நாவலை
பேர்னுக்கும் லீஸுக்கும் இடையில்
பதினொரு நாள் படித்தேன்,
இலவசப் பேப்பரில் அட்டையைச் சுற்றி.
எதிர் இருக்கையில் எங்கட ஆட்கள் இருக்கக்கூடும்.

அந்த நாட்டில் எல்லார் மணிக்கட்டிலும்
ஒரு சிறு விளக்கு.
பச்சை எரிந்தால் தொடலாம்,
அணைந்திருந்தால் கூடாது.
நல்ல சட்டம்தான்.
ஆனால் விளக்குகளுக்கு பேட்டரி கொடுப்பவள்
சிறைக் காவலாளி ஈவ்ரா.
அவளைக் காணும்போதெல்லாம்
கைதி தால்யாவின் கையில் பச்சை.

எனக்குப் பிடிக்கவில்லை.
மூன்றாம் அத்தியாயத்தில்
ஈவ்ரா கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றும் பக்கத்தில்
லீஸ் வந்து போயிருக்கிறது. நான் இறங்கவில்லை.
பீல் நிலையத்துக் குளிரில்
திரும்புகிற ரயிலுக்காக நின்றபடி
அதே பக்கத்தை மறுபடி படித்தேன்.
பிறகு எழுதியவரைத் திட்டினேன்.
ஒருத்தி இன்னொருத்தியை இப்படிப் பார்க்கும் ஒரு வரிக்காக
நாற்பது வயதுவரை காத்திருந்தவள் நான்.
அதைக் கொண்டுபோய்ச் சிறைக்குள் வைத்தால்?
சோற்றைப் போட்டு
கல்லையும் கலந்துவிட்ட மாதிரி.

எனக்கு வேலை மொழிபெயர்ப்பது.
அகதி விசாரணை அறையில்
மற்றவர்களின் 'நான்' எல்லாம் என் வாயால் வரும்.
எனக்கு அங்கே முகம் கிடையாது.
ஆறாம் நாள் வந்தவர்
(பெயர் சொல்ல மாட்டேன்)
பாஸ் எழுதித் தருகிற ஒரு அதிகாரியைப் பற்றிச் சொன்னார்.
அவன் கதவைச் சாத்தினது.
"நான் மறுக்கேல்லை."
அப்படியென்றால் சம்மதமா, என்று கேட்டார் விசாரிப்பவர்.
அவர் தலையை ஆட்டினார்,
மேலும் கீழும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை,
எங்கட ஆட்கள் ஆட்டுகிற மாதிரி.
தட்டச்சு நின்றது. என்னைப் பார்த்தார்கள்.

மௌனம் சம்மதம் என்று
பழமொழி வைத்திருக்கிற மொழி.
வவுனியாவில் என் கல்யாண எழுத்தன்று
பதிவாளர் கேட்டதற்கு
நானும் 'ம்' என்றுதான் சொன்னேன்.
அது போதுமாயிருந்தது.

"மறுக்கவில்லை என்கிறார்.
அவ்வளவுதான் சொன்னார்," என்றேன் ஜெர்மனில்.

அன்று மாலை ரயிலில்
தால்யாவின் பச்சை வேறு மாதிரி எரிந்தது.
எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.
தெரிந்துதான் அந்த விரல்களை
அவ்வளவு அழகாக எழுதி
என்னையும் ஸ்டேஷனைத் தவறவிட வைத்திருக்கிறார்.
நினைத்தால் கோபம் வருகிறது.
கொஞ்சம் மரியாதையும்.

முடிவு சப்பென்று போயிற்று.
கலகம், தீ, திறந்த கதவு,
கைகோர்த்து இருவரும் ஆற்றைக் கடக்கிறார்கள்.
பேட்டரிப் பெட்டி யாரிடம் இருக்கிறது?
சொல்லவில்லை.

"எப்படி?" என்றாள் ரெகுலா, படுக்கையில்.
நல்லது, ஆனால், என்று தொடங்கித் தடுமாறினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
தால்யா ஒரு சின்ன விஷயத்துக்குக்கூட
இல்லை சொல்லவில்லை.
உப்பு வேண்டாம்.
ஜன்னலைச் சாத்தாதே.
இன்றைக்கு என்னோடு கதைக்காதே.
அப்படி ஏதாவது ஒன்று,
ஈவ்ரா அதைக் கேட்டுச் சலித்துக்கொண்டு
பேசாமல் போகிற ஒரே ஒரு பக்கம்
இருந்திருந்தால்
அந்தப் பச்சையை நான் நம்பியிருப்பேன்.

ரெகுலாவுக்குத் தெரிந்த தமிழ் ஒரு சொல்தான்.
தப்பான இடத்திலும் அதையே சொல்வாள்.
"ஓம், ஓம்," என்றாள் கொட்டாவியோடு.
பிறகு அவளுடைய மொழியில்,
"லைட்டை அணைக்கட்டா?"

இல்லை, என்றேன்.
கடைசி அத்தியாயம் இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.

புறுபுறுத்தபடி
தலையணையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு
தூங்கிப்போனாள்,
குளிர்ந்த ஒரு காலை
என் காலின் மேல் போட்டு.