நான்காவது பாட்டின் முடிவு

மூணாம் ஷிப்ட்டை நான் முதலில் கேட்டது
ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில்.
நடனக் குழுவின் வேன் பாடியில் மாட்டிக்கொண்டதால்
இருபது நிமிடம் ஒப்பேற்ற இவர்களை ஏற்றிவிட்டிருந்தார்கள்.
"காதைப் பொத்திக்கலாம், தப்பா நினைக்க மாட்டோம்"
டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.
யாரும் பொத்தவில்லை, யாரும் கேட்கவுமில்லை.
பிரியாணிப் பொட்டலத்துக்கு வரிசை நின்றது.
வரிசையை விட்டு நான் மட்டும் வந்தேன்.
பசியில் கேட்டதால்தான் அவ்வளவு பிடித்துப்போனதோ என்று
இன்றைக்கும் ஒரு சந்தேகம்.

முதல் ஆல்பம் 'எண்ணூர்ச் சாம்பல்'.
பேஸ் வாசிக்கும் டெஸ்மண்டின் ஸ்கூட்டர் டிக்கியில்
ரெயின்கோட்டுக்கு அடியில் இருந்தது.
எண்பது ரூபாய். சில்லறை இல்லை.
மீதி இருபதுக்குக் கையெழுத்துப் போட்டார்:
முதல் எழுத்தின் வயிற்றைக் கிழித்து ஓடும் கோடு,
கோட்டின் மேல் இரண்டு புள்ளி.

அதில் நான்காவது பாட்டு, 'தண்ணி லாரி'.
எல்லாம் அடங்கியபின் பேஸ் தனியாக ஏறும்.
ஒன்று, இரண்டு என்று ஆறு படி.
ஏழாவதில் கால் வைக்குமுன்
அறுந்துவிடும்.
மங்கிப் போகாது, தேயாது,
வெட்டினாற்போல் ஒன்றுமில்லை.

ஹாஸ்டல் அறையில் யுவராணிக்கு விளக்கினேன்:
குடத்தோடு ஓடிவந்தவள் எதிரே
லாரி கிளம்பிவிடுகிற இடம் அது.
அவள் தலைக்கு எண்ணெய் வைத்தபடி சொன்னாள்,
"சிடி கீறலாயிருக்கும்டி."

எனக்குக் கல்யாணம் பேசி
மண்டபத்துக்கு முன்பணமும் கட்டி
காரணம் சொல்லாமல் நின்றுபோன வருடம்
அந்த அறுந்த இடம்தான் துணை.
முடியாமலே நிற்கலாம் ஒன்று,
நின்றதே முடிவாகவும் இருக்கலாம் என்று
அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்
கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது ஆல்பத்தைச் சகிக்க முடியவில்லை.
துடைத்து வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மாதிரி,
ஊடே யாரோ ஒரு கீபோர்டு.
மூன்று மாதம் அவர்களோடு பேசவில்லை.
அவர்களுக்கு அது தெரியாது.

பிறகு பெசன்ட் நகரில் ஒரு மொட்டைமாடி,
முப்பது பேர், ஈரத் துணிக்கொடி.
பக்கத்து வீட்டுப் புகாரில் வந்த ஏட்டு
தொப்பியைக் கழற்றி ஒரு பாட்டு முழுக்க நின்றுவிட்டு
"சரி, போதும்" என்றார்.
பாடகி மரியபுஷ்பம் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.
அன்றைக்கு எல்லாவற்றையும் மன்னித்தேன்,
கீபோர்டைத் தவிர.

கடைசிக் கச்சேரி எழும்பூரில்.
கடைசி என்று யாரும் சொல்லவில்லை.
தெரிந்திருந்தால்
'தண்ணி லாரி'யின்போது
பாத்ரூம் போயிருக்க மாட்டேன்.

நேற்று பெரம்பூர் கிளையில், என் கவுன்ட்டரில்,
நகைக்கடன்.
இருபத்தோரு கிராம், முறுக்குச் சங்கிலி.
படிவத்தைத் திருப்பினால் அந்தக் கோடு.
நிமிர்ந்தேன். முடி கொட்டிப்போயிருந்தது,
விரல்கள் அதே விரல்கள்.

வட்டி விகிதம் சொன்னேன். தவணை சொன்னேன்.
பிறகு கேட்டுவிட்டேன்,
"சார், அந்த நாலாவது பாட்டு... ஏன் அப்படி நிற்குது?"

வெகுநேரம் பார்த்தார்.
"கரண்ட் போச்சு மேடம்.
மறுபடி எடுக்க ஸ்டுடியோவுக்குக் காசு இல்ல.
அப்படியே விட்டுட்டோம்."

சிரித்தோம். பின்னால் டோக்கனோடு ஒருவர் இருமினார்.
டெஸ்மண்ட், கயிறு கட்டிய பேனாவால்
கவுன்ட்டர் கண்ணாடியில் தட்டிக் காட்டினார்:
ஆறு படி.
ஏழாவதையும்.

எல்லாப் பாட்டும் போய்ச் சேருகிற,
செருப்பைக் கழற்றி வீட்டுக்குள் நுழைகிற
சாதாரண ஸ்வரம்.
இத்தனை வருடம் கழித்து அதைக் கேட்டதும் ஒன்றும் ஆகவில்லை.
நல்லவேளை கரண்ட் போனது என்று மட்டும் தோன்றியது.

ரசீது கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
பன்னிரண்டு மாதத்துக்குள் மீட்க வரவேண்டும்.
அன்றைக்கு அந்த சிடியை எடுத்துப் போகணும்.

கோட்டின் மேல் இப்போது
ஒரு புள்ளிதான் வைக்கிறார்.