அறுபது ரூபாய் பாரம்

விளையாட்டில் அந்த ரயில்
கடல்மேல் போகும். தூண் கிடையாது.
சட்டென்று சதுரமாய்த் திரும்பும்,
ஒரு பெட்டியும் சாயாது.

அதைத்தான் கட்டுகிறோம்
எல்லிஸ் நகர் மூன்றாவது மாடியில்
நானும் யூஜினும், சனிக்கிழமை ராத்திரி.
கட்டைகளில் பாதி, யாரோ வீடு மாறும்போது
பையோடு விற்றவை.
ஏதோ குழந்தையின் பல் பதிந்த மஞ்சள் கட்டை ஒன்று
ஓட்டுநரின் இருக்கையாயிற்று.

மோட்டார் டவுன்ஹால் ரோட்டுச் சரக்கு.
"பொம்மைக்கு இது வேணாம்ணே,
பிச்சுக்கிட்டுப் போயிரும்" என்றான் கடைப்பையன்.
பிய்த்துக்கொண்டுதான் போனது.
முதல் வளைவில் எஞ்சின் மட்டும் திரும்ப
ஆறு பெட்டிகளும் நேரே போய்
கேஸ் சிலிண்டரில் முட்டின.

"வேகத்தக் கொறடா."
"கேம்ல கொறைக்க மாட்டாங்களே."
"கேம்ல வெயிட்டே கெடையாதுடா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு பெட்டிக்கு இரண்டு
பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம்,
எஞ்சினுக்குள் என் பூட்டுச்சாவி.
ஓடியது.
கட்டிலைச் சுற்றி, அவன் பாதி கட்டி வைத்த
அட்டைப்பெட்டிகளை உரசி.
திங்கட்கிழமை ஓசூர் போகிறான்.
அதைப் பற்றியும் பேச்சில்லை.

இரண்டு மணிக்குப் புகைக்கூண்டு தெறித்து
கட்டிலுக்கடியில் உருண்டது.
போன் வெளிச்சத்தில்
இருவரும் குப்புறப் படுத்துத் துழாவுகிறோம்:
தூசி, ஒற்றை சாக்ஸ்,
போன வருஷம் அவன் தொலைத்த பான் கார்டு.
விளையாட்டில்
கட்டிலுக்கடி என்றொரு இடமே இல்லை.

எங்களைச் சுற்றிச் சுற்றிப் போகிறது ரயில்,
புகைக்கூண்டு இல்லாமல்,
சில்லறை குலுங்க.