அளவறிந்த குளிர்

லோஃபோதன் தீவில் மார்ச் மாதம்.
தலை கொய்த காட் மீன்களை
வாலோடு வால் சேர்த்துக் கட்டி
மரச்சட்டத்தில் ஏற்றுகிறேன், ஆண்டவரே,
உப்பில்லாமல், புகையில்லாமல்,
உம்முடைய காற்றுக்கு.

போன வருஷம் இதே மாதம்
சுக்கான் என் கையில் இருந்தது.
அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.
சரி, சொல்லிவிடுகிறேன்.
வயிற்றில் அரைப் போத்தல் சாராயம்.
வின்ச்சை நிறுத்து, நிறுத்து என்று எஸ்கில் கத்தினான்.
காதில் விழுந்தது.
கை எழவில்லை.

இரண்டு விரல். இடது கை.
வலைக்குள் ஒன்று, கடலுக்குள் ஒன்று.

மாலுமிச் சீட்டைப் பறித்தார்கள்.
படகு கடனுக்குப் போயிற்று.
ஜெபவீட்டின் கடைசி வரிசையில் உட்கார்ந்து
உம்மோடு வழக்காடினேன்:
சட்டம் அடித்தது போதாதா, நீருமா?
உம்மைத் தகப்பன் என்கிறார்கள்.
தகப்பனை எனக்குத் தெரியும்.
அவருடைய பெல்ட்டுக்கும்
எப்போதும் ஒரு நியாயம் இருந்தது.

நீர் பதில் சொல்லவில்லை.
கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது, அவ்வளவே.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் குளிரைப் படித்தேன்.
கடலில் அது எதிரி.
இங்கே அதற்கு ஓர் அளவு உண்டு.
கூடிப்போனால் சதை உள்ளுக்குள் வெடித்து நூல்நூலாகும்.
குறைந்துபோனால் ஈ வந்து முட்டையிடும்.
உறைநிலையின் விளிம்பில்
ஒரு பாகை மேலே, ஒரு பாகை கீழே,
மூன்று மாதம்.

பெல்ட்டுக்கு இந்தக் கணக்குத் தெரியாது.
அடிக்கிறவனின் கோபம் தீரும்வரை அது விழும்.
இந்தக் காற்று
மீன் காயும்வரை வீசும்.

பள்ளி விட்டதும் என் மகள் ரான்ஹில்ட்
வெட்டிய தலைகளின் நடுவே கத்தியோடு நிற்பாள்.
நாக்கு அறுப்பது இங்கே பிள்ளைகளின் வேலை,
கூலியும் அவர்களுக்கே.
"இப்போதெல்லாம் ராத்திரியில் நீ வீட்டில் இருக்கிறாய்"
என்றாள் நேற்று,
ஒரு நாக்கை வாளியில் போட்டபடி.
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றிரவு கடுங்குளிர் என்றது வானொலி.
போர்வையைச் சுற்றிக்கொண்டு
சட்டங்களுக்குக் கீழே போய் நின்றேன்.
மேலே ஆயிரம் மீன், தலையே இல்லை,
உம்மிடம் எப்படிக் கேட்கும்?
நான் கேட்டேன்:
இதற்குமேல் வேண்டாம்.
விடியுமுன் காற்று மேற்குக்குத் திரும்பியது.
எனக்காகத்தான் என்று சொல்ல மாட்டேன்.
திரும்பியது.

பத்து நாள் முன் எஸ்கில் வேலை கேட்டு வந்தான்.
முதலாளி இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார்.
மூன்று நாள் பேச்சில்லை.
அவனுடைய எட்டு விரல் முடிச்சு நழுவவேயில்லை.
என் பத்து விரல் முடிச்சு அவிழ்ந்து
ஒரு ஜோடி பனிச்சேற்றில் கிடந்தது.
நான்காம் நாள் அதை எடுத்துக் கழுவி
என் கண்முன் மெதுவாகக் கட்டிக் காட்டினான்.
"இறுக்கு. விழுந்தால் காக்கைக்குத்தான்."
அது மன்னிப்பா என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
உம்மை அன்றைக்குத்தான்
தகப்பனே என்று கூப்பிட்டேன்,
வாய்க்குள், பழக்கமில்லாத ஊர்ப் பெயர்போல.

மே முடிவில் இறக்குவார்கள்.
ஐந்து கிலோ ஒரு கிலோவாகியிருக்கும்.
தட்டினால் கட்டைபோல் ஒலிக்கும், வருஷக்கணக்கில் கெடாது.
நான் இன்னும் ஈரம்.
முதுகெலும்போரம் அந்தப் போத்தலின் நெடி
போகாமல் ஒட்டியிருக்கிறது.
இப்போதே என்னை இறக்கிவிடாதேயும்.

சீட்டைத் திரும்பக் கேட்டு எழுதிய கடிதம்
கோட்டுப் பையில் மடிந்து கிடக்கிறது.
தபாலில் போடவில்லை.
கிழிக்கவும் மனமில்லை.

காற்று எழும்புகிறது.
எஸ்கில் கயிற்றை எறிகிறான்.
பிடிக்கிறேன்.